மிக் தி மில்லர்: கழித்தபின் மிஞ்சும் பெருமை

கிரேஹவுண்ட் பந்தய வரலாற்றின் ஆகப் பெரிய நாய் எது? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இந்தக் கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாக முதலில் வரும் விடை மிக் தி மில்லர். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் கிரேஹவுண்ட்களின் தலையாய போட்டியான இங்கிலீஷ் டெர்பி, தோல்வியே இல்லாமல் 19 வெற்றிகள், உலகச் சாதனை நேரங்கள், ஒரு திரைப்படம், செத்த பிறகு அருங்காட்சியகத்தில் ஓர் இடம். இவற்றை அடுக்கி வைத்துவிட்டு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பது வழக்கம். அந்த விடை சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பகுதி நிற்காது. நிற்காத காரணங்களின் மேல் கட்டிய புகழை அடுத்து வரும் வேகமான நாய் ஒன்று தட்டிவிட்டுப் போய்விடும். அதனால்தான் எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கழித்தலிலிருந்து தொடங்குவது எங்கள் பக்கத்துக்குப் பழைய வழக்கம். எங்கள் சாலவாக்கம் அடங்கிய தாலுகாவின் தலைமை ஊரான உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்துக்கு யார் வரலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, யார் வரக் கூடாது என்பதை அவை நீளமாக அடுக்குகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் என்று பட்டியல் போகிறது. தகுதியில்லாதவர் பெயர் குடத்துக்குள் விழுந்துவிட்டால், பிறகு ஓலையை எடுக்கும் கை எவ்வளவு நேர்மையானதாக இருந்தும் பயனில்லை. ஒரு பந்தய நாயின் பெருமையை எடைபோடும்போதும் இந்த முறைதான் சரியென்று படுகிறது.

முதலில் கதை. மிக் 1926 ஜூன் மாதம் அயர்லாந்தின் ஆஃபலி மாவட்டத்தில் கில்லீ என்ற சிற்றூரில் பிறந்தது. வளர்த்தவர் மார்ட்டின் ப்ராஃபி என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அந்த ஈற்றுக் குட்டிகளில் இதுதான் நோஞ்சான். பாதிரியார் வீட்டில் எடுபிடி வேலை பார்த்த மிக் மில்லர் என்பவரின் பெயரே குட்டிக்கும் வைக்கப்பட்டது. குட்டி பிறந்த மறுமாதம், ஜூலை 24 அன்று, மான்செஸ்டரின் பெல் வூ திடலில், இயந்திர முயலைத் துரத்திக்கொண்டு வட்டப் பாதையில் நாய்கள் ஓடும் பந்தயம் பிரிட்டனில் ஒரு தொழிலாகத் தொடங்கியது. அன்று வந்தவர்கள் சுமார் 1,700 பேர். இரண்டே ஆண்டில் ஆண்டு வருகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. நாயும் பந்தயமும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; மிக்குக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று இங்கிருந்துதான் வருகிறது.

அதற்கு முன்பும் கிரேஹவுண்ட்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, திறந்த வெளியில், உயிருள்ள முயலின் பின்னால். 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை அந்த வகைப் போட்டிகளில் தலையாயது. அயர்லாந்து நாயான மாஸ்டர் மெக்ராத் 1868, 1869, 1871 என மூன்று முறை அதை வென்றது. அங்கே இரண்டு நாய்களை ஒன்றாக அவிழ்த்துவிடுவார்கள். நடுவர் குதிரைமேல் பின்தொடர்வார். முந்தி ஓடுவதற்கு மட்டுமல்ல, முயலைத் திருப்புவதற்கும் மடக்குவதற்கும் புள்ளிகள் உண்டு. அதாவது அந்தப் பந்தயம் நாயின் வேகத்தோடு அதன் கணிப்பையும் சேர்த்தே அளந்தது. வட்டப் பாதை வந்ததும் நடுவரின் இடத்தில் கடிகாரம் வந்து உட்கார்ந்தது. முயல் திரும்புவதில்லை, தண்டவாளத்தில் ஒரே வழியாகப் போகிறது. நாயின் கணிப்புக்கு இனி வேலை இல்லை என்று தோன்றக்கூடிய இடம் இது. அப்படியில்லை என்று காட்டியதுதான் மிக்.

1929இல் ப்ராஃபி நாயை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே அது டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்று நோயில் படுத்து, டப்ளின் ஷெல்போர்ன் பார்க் திடலின் மருத்துவர் ஆர்தர் கலனன் கவனிப்பில் பிழைத்தெழுந்திருந்தது. டெர்பி நடந்த இடம் ஒயிட் சிட்டி அரங்கம், தூரம் 525 கெஜம், ஏறக்குறைய 480 மீட்டர். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அரங்கத்திலேயே ஏலம் விட்டு, 800 கினிக்கு ஆல்பர்ட் வில்லியம்ஸ் என்ற பந்தயத் தரகரிடம் பாதிரியார் நாயை விற்றார். தொடக்கச் சுற்று ஒன்றில் மிக் 29.82 வினாடியில் ஓடி முடித்தது. 525 கெஜத்தை முப்பது வினாடிக்குள் ஓடிய முதல் நாய் அதுவே. டெர்பியையும் வென்றது. பிறகு அருண்டெல் கெம்ப்டன் என்பவர் 2,000 பவுண்டுக்கு வாங்கினார். விம்பிள்டனில் சிட்னி ஆர்ட்டன் பயிற்சியாளரானார். 1930இல் மறுபடியும் டெர்பி, அதோடு வெல்ஷ் டெர்பி, செசரவிட்ச் போட்டிகள். 1931இல் செயின்ட் லெஜர். அத்தோடு ஓட்டத்திலிருந்து ஓய்வு.

இனிக் கழிக்கத் தொடங்கலாம்.

முதலில் கழிக்க வேண்டியது வேகம். முப்பது வினாடிக்குள் ஓடிய முதல் நாய் என்ற பெருமை பெரிதாகத் தெரியும். கணக்கிட்டுப் பார்த்தால் அது சராசரியாக மணிக்கு 58 கிலோமீட்டர். 1947இல் ட்ரெவ்ஸ் பெர்ஃபெக்ஷன் என்ற நாய் அதே ஒயிட் சிட்டியில், அதே 525 கெஜ டெர்பி இறுதியை 28.95 வினாடியில் வென்றது. 1929 டெர்பி இறுதி ஓட்டத்தில் மிக் எடுத்துக்கொண்டது 29.96. ஒரு வினாடிதானே என்று நினைக்கக் கூடாது. பிரிட்டிஷ் நாய்ப் பந்தயத்தில் ஒரு நாயின் நீளத்துக்கு 0.08 வினாடி என்பது கணக்கு. அப்படியானால் இரண்டு ஓட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மிக் பன்னிரண்டு நாய் நீளத்துக்கும் பின்னால் வரும். பாதையின் பராமரிப்பு, பயிற்சி, தீனி எல்லாம் அந்தப் பதினெட்டு ஆண்டில் முன்னேறின என்பது உண்மைதான். ஆனால் அதையெல்லாம் ஈடுகட்டிக் கணக்குப் போட நம்மிடம் வழியில்லை. போட்டாலும் அது நம் விருப்பத்துக்கு ஏற்ற கணக்காகவே இருக்கும். புதிய ஒரு விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் சாதனை நேரங்கள் உடைவது இயல்பு. மிக் வேகமான நாய். ஆக வேகமான நாய் அல்ல. இந்த ஓலை குடத்துக்குள் போகக் கூடாது.

இரண்டாவது, வெற்றிகளின் எண்ணிக்கை. இங்கிலாந்தில் மிக் 61 ஓட்டங்களில் 46 வென்றது. நூற்றுக்கு 75. அதையும் அந்த 19 தொடர் வெற்றிகளையும் மேற்கோள் காட்டுகிறவர்கள் பிற்கால நாய்களின் கணக்கைப் பக்கத்தில் வைப்பதில்லை. பாலிரேகன் பாப் 48 ஓட்டங்களில் 42 வென்றது, நூற்றுக்கு 87. அதன் தொடர் வெற்றிகள் 32. 1986 டிசம்பரில் ஹோவ் திடலில் அந்த முப்பத்திரண்டாவது வெற்றியைப் பெற்று, அமெரிக்க நாயான ஜோ டம்ப்பின் 31ஐக் கடந்தது. ஸ்கர்லோக் சாம்ப் 63இல் 51. ஆஸ்திரேலியாவின் ஃபெர்னாண்டோ பேல் 44இல் 35. இந்தப் பட்டியலில் மிக் கடைசி. எண்ணிக்கைதான் அளவு என்றால் வாதம் இங்கேயே முடிந்துவிடும், மிக் தோற்றுவிடும்.

ஆனால் எண்ணிக்கை அளவல்ல. ஒரு நாய் எத்தனை வென்றது என்பது அதன் உரிமையாளரும் பயிற்சியாளரும் அதை எங்கே ஓடவிட்டார்கள் என்பதையும் பொறுத்தது. டெர்பி போன்ற போட்டிகளில் சுற்றுக்குச் சுற்று தோற்றவை கழிந்து, மிஞ்சியவை மட்டும் மோதும். அங்கே எந்த நாயோடு ஓடுவது என்பதை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. பாலிரேகன் பாப்பின் தொடர் வெற்றிகளில் பெரும்பாலானவை அதற்குப் பொருந்தும் நீண்ட தூரங்களில் கிடைத்தவை. டெர்பியை அது வென்றதில்லை. அதற்கும் ஸ்கர்லோக் சாம்ப்புக்கும் 1985இல் வெம்ப்ளியில் நாடே எதிர்பார்த்த நேரடி மோதல் ஏற்பாடானது. அதுகூட ஸ்கர்லோக் சாம்ப் பாதியில் நின்றுவிட்டதால் ஒன்றையும் தீர்க்கவில்லை. ஆகவே எண்ணிக்கையை மிக்குக்கு ஆதரவாகவும் வைக்க வேண்டாம், எதிராகவும் வைக்க வேண்டாம்.

மூன்றாவது, பறிக்கப்பட்ட டெர்பி. மிக் ரசிகர்களின் மனத்தில் ஆறாத காயம் இது. 1931 டெர்பி இறுதி ஓட்டத்துக்கு ஒயிட் சிட்டியில் ஏறக்குறைய 70,000 பேர். ஐந்து வயது ஆகப்போகும் மிக் கோல்டன் ஹாமர் என்ற நாயை நெருக்கத்தில் வென்று கோட்டை முதலில் கடந்தது. அரங்கம் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டம் செல்லாது என்று அறிவித்தார்கள். ரைலண்ட் ஆர் என்ற நாய் ஓட்டத்தின் நடுவில் இன்னொரு நாயோடு சண்டைக்குத் திரும்பியிருந்தது. மறு ஓட்டத்தில் செல்டம் லெட் வென்றது. களைத்துப்போன மிக் நான்காவது. மூன்று டெர்பி வென்ற ஒரே நாயாக வரலாற்றில் நின்றிருக்க வேண்டியது, அதிகாரிகள் கெடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு உருக்கமானது. ஆனால் 1929ஐ மறந்துவிட்டு வைக்கப்படுவது. அந்த ஆண்டும் இறுதி ஓட்டம் ஒரு முறை செல்லாததாக்கப்பட்டது. முதல் வளைவில் நாய்கள் மோதிக்கொண்டதால் ரத்து செய்து மறுபடி ஓடவிட்டார்கள். மிக் தன் முதல் டெர்பியை வென்றது அந்த மறு ஓட்டத்தில்தான். பலட்டினஸ் இரண்டாவதாக வந்தது. விதி ஒன்றுதான். ஒரு முறை அது கொடுத்தது, இன்னொரு முறை எடுத்தது. 1931 அநீதி என்றால் 1929இன் வெற்றியையும் திருப்பித் தர வேண்டியிருக்கும். இரண்டும் முறைப்படி நடந்தவை என்று ஒப்புக்கொண்டால் மிக்கின் கணக்கில் இரண்டு டெர்பி. அது போதும். அதே இரட்டை வெற்றியைப் பின்னர் பேட்ரிஷியாஸ் ஹோப் 1972, 1973இலும், ராபிட் ரேஞ்சர் 2000, 2001இலும், வெஸ்ட்மெட் ஹாக் 2005, 2006இலும் பெற்றன. ஆகவே இரட்டை டெர்பி மட்டுமே மிக்கைத் தனியாக உயர்த்திவிடாது.

நான்காவதாகப் புகழ். 1930களின் தொடக்கம் பிரிட்டனில் வேலையில்லாத் திண்டாட்டத்தின் காலம். குதிரைப் பந்தயம் பெரும்பாலும் பகலில், ஊருக்கு வெளியே. நாய்ப் பந்தயம் வேலை முடிந்த மாலையில், விளக்கு வெளிச்சத்தில், தொழிலாளர் குடியிருப்புகளின் பக்கத்திலேயே. அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாயகன் தேவைப்பட்டான். அரங்க நிறுவனங்களுக்கு அதைவிட அதிகமாகத் தேவைப்பட்டான். செய்திப்படங்களும் நாளிதழ்களும் மிக்கைத் தூக்கிப் பிடித்தன. 1934இல் 'வைல்ட் பாய்' என்ற படத்தில் நடிக்கவும் வைத்தார்கள். 1939இல் செத்த பிறகு பாடம் செய்யப்பட்ட அதன் உடல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டிரிங் கிளையில் இன்றும் இருக்கிறது. கில்லீ ஊரில் சிலையும் உண்டு. இதெல்லாம் ஒரு சமூகத்தின் ஏக்கத்தைப் பற்றிச் சொல்கிறது. நாயின் ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வேகம் போயிற்று, எண்ணிக்கை போயிற்று, பறிபோன டெர்பி போயிற்று, புகழும் போயிற்று. என்ன மிஞ்சுகிறது?

மிஞ்சுவது வளைவு. வட்டப் பாதை ஓட்டத்தில் ஆறு நாய்கள் ஒரே நேரத்தில் பெட்டிகளிலிருந்து பாய்ந்து முதல் வளைவுக்கு வருகின்றன. அவ்வளவும் ஒரே இடத்தைத் தேடுகின்றன. ஓட்டங்கள் அங்கேதான் கெடும். உள்பக்கம் ஒட்டி ஓடும் நாயும், அகலமாகச் சுற்றும் நாயும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். தடுக்கிவிட்டால் மூன்று நான்கு நீளம் பின்னடைவு. முப்பது வினாடி ஓட்டத்தில் அதை மீட்பது அரிது. மிக் பெட்டியிலிருந்து மின்னலாகக் கிளம்பும் நாய் அல்ல. அப்படியிருந்தும் அது வளைவுகளில் அரிதாகவே சிக்கிக்கொண்டது என்பதைத்தான் அதன் ஓட்டங்களைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்ப வியந்தார்கள். முன்னால் நெரிசல் கட்டும்போது ஒரு கணம் ஓட்டத்தைத் தணித்து, மற்றவை மோதி விலகும்போது திறக்கும் இடைவெளியில் நுழைந்துவிடும் என்றார்கள். பயிற்சியாளர்கள் அதைப் பாதை அறிவு என்று சொல்வார்கள். எங்கள் ஏரிக்கரைப் பக்கங்களில் வேட்டை நாய் வளர்த்த பெரியவர்களும் நேராகப் பாய்கிற நாயைவிட, முயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே கணித்து மறிக்கிற நாயைத்தான் உயர்வாகப் பேசுவார்கள்.

இந்த அறிவு யாருடையது என்ற கேள்வி முக்கியம். தமிழ்நாட்டில் 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு நீண்டு, 1996இல் லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. அந்தத் திறமையில் குதிரையோடு ஜாக்கிக்கும் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு. கிண்டியில் ஒரு குதிரை பின்னால் இருந்து இடைவெளி பார்த்து வந்து ஜெயித்தால் பாராட்டு பாதிக்கு மேல் ஜாக்கிக்குப் போகும், போக வேண்டியதும்தான். கிரேஹவுண்டின் முதுகில் யாரும் இல்லை. பெட்டி திறந்த பிறகு பயிற்சியாளர் வேலிக்கு வெளியே நின்று பார்க்க மட்டுமே முடியும். எப்போது தணிவது, எங்கே நுழைவது என்பதெல்லாம் அந்த முப்பது வினாடியில் நாய் தானே எடுக்கும் முடிவுகள். ஆகவே ஒரு பந்தய நாயின் பெருமையை எடைபோட உரிய பொருள் அந்த முடிவுகள்தான். வேகம் பெற்றோர் கொடுத்தது. நேரம் பாதையும் வானிலையும் சேர்ந்து கொடுப்பது. வளைவில் எடுக்கும் முடிவு மட்டும் நாயினுடையது.

அதற்கு ஆதாரம் என்ன, பார்த்தவர்களின் வியப்பு போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரசிகர் கண்ணை நம்ப வேண்டாம். இரண்டு விஷயங்களை மட்டும் பார்ப்போம். ஒன்று, தூரம். மிக் 525 கெஜத்தில் டெர்பியையும், 600 கெஜத்தில் செசரவிட்ச்சையும், 700 கெஜத்தில் செயின்ட் லெஜரையும் வென்றது. தூரம் கூடக்கூட வளைவுகள் கூடும். கால் பலத்தின் வகையும் மாறும். வேகத்தை மட்டும் நம்பும் நாய் தன் தூரத்தை விட்டு வெளியே வந்தால் தடுமாறும். ஒயிட் சிட்டி, வெஸ்ட் ஹாம், வெம்ப்ளி, கார்டிஃப் என அரங்குக்கு அரங்கு வளைவின் அகலமும் வேறு. மிக் எல்லாவற்றிலும் வென்றது.

இரண்டு, வயது. இதுதான் என்னைப் பொறுத்தவரை தீர்க்கமானது. கிரேஹவுண்ட்கள் தங்கள் உச்சத்தில் ஓடுவது பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து மூன்றரை வரை. 1931 அக்டோபரில் வெம்ப்ளியில் செயின்ட் லெஜர் இறுதி நடந்தபோது மிக்குக்கு ஐந்து வயது மூன்று மாதம். அந்த ஆண்டு டெர்பி மறு ஓட்டத்தில் அதன் கால்கள் பழைய கால்கள் அல்ல என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. இளம் நாய்களோடு 700 கெஜம். கடைசிவரை விடாமல் போராடி விரைல் பில் என்ற நாயைத் தலை வித்தியாசத்தில் வென்றது. வேகம் குறைந்துபோன ஓர் ஓட்டக்காரனால், தன்னைவிட வேகமானவர்களை நீண்ட ஓட்டத்தில் எப்படி வெல்ல முடியும்? ஓரடிகூட வீணாக்காமல் ஓடினால்தான் முடியும். மிக்கின் வாழ்க்கையில் மிகப் பெரிய வெற்றி எது என்றால் நான் அந்த இரண்டு டெர்பிகளையும் விட்டுவிட்டு இந்த ஒன்றைத்தான் எடுப்பேன். இளமையின் பலம் வடிந்த பிறகு எஞ்சி நின்றது எதுவோ, அதுதான் முதலிலிருந்தே அந்த நாயின் முதல் என்பதை இந்த ஓட்டம் காட்டுகிறது. இத்தோடு ஓட்டத்தை நிறுத்தியது கெம்ப்டன் குடும்பம் எடுத்த நல்ல முடிவு.

இப்போது முன்பு சொன்ன வலுவான எதிர்வாதம். 1929இல் டெர்பிக்கு மூன்றாவது ஆண்டு. பந்தயமே அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது. வட்டப் பாதைக்கென்று பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்த நாய்கள் அப்போது இல்லை. எதிரே ஓடியவை திறந்தவெளி ஓட்டத்துக்குப் பிறந்தவை. கூர்மையடையாத கூட்டத்தில் கூர்மையான ஒன்று தனித்துத் தெரிவதில் என்ன அதிசயம்? பிற்காலத்தில் வெஸ்ட்மெட் ஹாக் சந்தித்த எதிரிகளை மிக் சந்தித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வாதத்தின் முதல் பாதியை ஏற்கிறேன். தொடக்க ஆண்டுகளில் எதிரிகளின் சராசரித் தரம் குறைவு என்பது பெரும்பாலும் எந்த விளையாட்டுக்கும் பொருந்தும். அதனால்தான் நேரங்களையும் எண்ணிக்கையையும் முதலிலேயே கழித்தேன். ஆனால் இந்த வாதம் மிக்கின் பாதை அறிவைத் தொடவில்லை. அதன் பலம் இன்னும் கூடுகிறது என்றே சொல்வேன். வட்டப் பாதைக்கென்று பழக்கப்பட்ட பரம்பரை இல்லாத காலத்தில், திறந்தவெளியில் முயலை மடக்கும் கணிப்பை வளைவுகளுக்கு மாற்றிக்கொண்ட நாய் அது. முன்மாதிரி இல்லாத இடத்தில் கற்றுக்கொண்டது. பின்னால் வந்தவற்றுக்கு அந்த அறிவு இரத்தத்திலேயே ஓரளவு வந்திருக்கும். அதோடு எதிரிகள் கரடுமுரடாக ஓடியதால் வளைவுகளில் மோதல் அதிகம். 1929, 1931 இரண்டு இறுதிகளும் மோதலிலும் சண்டையிலும் ரத்தானதே அதற்குச் சாட்சி. அந்தக் குழப்பத்தில் தப்பிப் பிழைக்கும் கலை இன்றைய சீரான பந்தயத்தில் தேவைப்படுவதைவிட அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: வேகத்தில் மிக் முதலல்ல; தொடர்ச்சியில் பாலிரேகன் பாப் முதல், அதில் ஐயமில்லை. தானே முடிவெடுத்து ஓடும் விலங்கு என்ற வகையில், மூன்று தூரங்களிலும் முதுமையிலும் அந்த முடிவுகள் பிழைபடாமல் நின்ற வகையில், மிக் தி மில்லருக்கு மேல் வைக்க எந்த நாயையும் எனக்குத் தெரியவில்லை. ஸ்கர்லோக் சாம்ப் இதே குணத்தில் நெருங்கி வருகிறது. கடைசியிலிருந்து எழுந்து வந்து வென்ற ஓட்டங்கள் அதற்கு ஏராளம். ஆனால் அது வென்றவை நீண்ட தூரங்கள். டெர்பியின் குறுகிய ஓட்டத்தில், பின்தங்கினால் மீள நேரமில்லாத இடத்தில் வென்று காட்டவில்லை.

நாயின் சொந்தச் செயலைப் பெயர் சொல்லிப் பதிவு செய்வது தமிழருக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு கோவிவன் என்ற நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்பது கல்வெட்டின் செய்தி. நாயின் வேகத்தைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ அந்தக் கல் பேசவில்லை. அது என்ன செய்தது என்பதை மட்டும் சொல்கிறது. ஒரு விலங்கை மதிப்பது என்றால் எதை மதிப்பது என்பதில் அந்தக் கல்தச்சனுக்கு ஐயமே இருந்திருக்காது.

ஒரு நாயைப் பற்றிய தீர்ப்பு இங்கே முடிகிறது. ஆனால் மிக்கின் பெயரைச் சொல்லி அந்த விளையாட்டையே உயர்த்துவது வழக்கமாகிவிட்டதால், மற்றொரு தட்டையும் பார்த்தாக வேண்டும். ஒரு மிக் உருவாகப் பிறக்கும் ஆயிரக்கணக்கான குட்டிகளுக்கு என்ன ஆனது? 2006இல் இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் சீஹம் என்ற ஊரில், பந்தயத்துக்கு உதவாத கிரேஹவுண்ட்களைப் பதினைந்து ஆண்டுகளாகக் கொன்று புதைத்துவந்த இடத்தை ஒரு லண்டன் செய்தித்தாள் வெளிக்கொண்டுவந்தது. 10,000 நாய்கள் இருக்கலாம் என்று எழுதியது. 2015இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி, பயிற்சியின்போது உயிருள்ள முயல்களையும் பன்றிக்குட்டிகளையும் இயந்திரத்தில் கட்டி நாய்களுக்கு விடுவதை ரகசியமாகப் படம்பிடித்துக் காட்டியது. மறு ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு பந்தயத்தைத் தடை செய்வதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2018இல் மக்களே வாக்களித்து முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசும் 2025இல் வேல்ஸ் அரசும் இந்தப் பந்தயத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தன. மிக் வெல்ஷ் டெர்பி வென்ற நாடு அது. உத்திரமேரூர்ச் சபை கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் சேர்த்தே விலக்கியது. ஓடி முடித்த நாய்களின் கணக்கை ஒரு நூற்றாண்டாகச் சரியாகக் காட்டாத தொழில் அது. மிக்கின் உறவைச் சொல்லி அது தகுதி கேட்கக் கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நோஞ்சானாகப் பிறந்த நாய் மிக் என்பதை இங்கே இன்னொரு முறை நினைக்க வேண்டும். தேறாத குட்டியைக் கழித்துவிடும் முறை பின்னாளில் அந்தத் தொழிலின் வழக்கமாயிற்று. அந்த வழக்கப்படி பார்த்தால் அந்தத் தொழிலின் ஆகப் பெரிய நாய் ஓடவே வந்திருக்காது.

சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்க்கும் இளைஞர்கள் இப்போது எங்கள் பக்கத்திலும் பெருகியிருக்கிறார்கள். தென் மாவட்டத்து நாய்கள் பாலாற்றங்கரை வரை வந்துவிட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய கால்நடை மரபணு வள மையத்தில் பதிவு பெற்ற இனங்கள். அவற்றைக் காப்பாற்ற ஆர்வலர்கள் வேண்டும். ஆனால் நம் நாய் கிரேஹவுண்டை வென்றுவிடும், ஒரு ஓடுதளம் மட்டும் இருந்தால் போதும் என்ற பேச்சையும் கேட்கிறேன். வட்டப் பாதையில் 480 மீட்டர் என்றால் சிப்பிப்பாறைக்கு வாய்ப்பு குறைவு. கிரேஹவுண்டின் உடல் அந்த முப்பது வினாடிக்காகவே செதுக்கப்பட்டது. சித்திரை வெயிலில், கருவேல முள்ளுக்குள், மணிக்கணக்கில் என்றால் கதை வேறு. வெவ்வேறு வேலைக்குப் பிறந்தவற்றை ஒரே கோட்டில் நிறுத்துவதில் நமக்கு என்ன தெரிந்துவிடும்? முயலை வைத்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கருங்கழுத்து முயல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. வேடிக்கைக்காக ஒரு விலங்கின்மேல் இன்னொன்றை ஏவுவது 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஓடுதளம் போடலாம் என்று நாளை யாராவது மிக்கின் பெயரோடு சாலவாக்கத்துக்கு வந்தால், ஐந்து வயதில் செயின்ட் லெஜர் வென்ற அந்த நாயைப் பற்றி விடியவிடிய பேச நான் தயார். கையெழுத்து மட்டும் கிடைக்காது. நாலு வயதில் ஓடி ஓய்ந்த நாய்க்கு அடுத்த எட்டு வருஷம் யார் சோறு போடுவது என்று முதலில் எழுதித் தரட்டும்.